அடுக்கிய அன்று எல்லாமே அழகுதான்: ஒரு வீட்டுப் புத்தக அலமாரி, நான்கு மாதங்கள்

## பின்னணி

வாடகை வீடு. கணவர், மனைவி, ஒன்பது வயது மகள், கணவரின் தந்தை என நான்கு பேர். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. தினமும் இரண்டு மூன்று காணொளிக் கூட்டங்கள் இருக்கும். கூடத்தில் அவர் உட்காரும் மேசைக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி. ஒருநாள் கூட்டத்தில் யாரோ பேச்சுவாக்கில், "பின்னாடி என்னங்க, குடோனா?" என்று கேட்டுவிட்டார். அன்று இரவே அலமாரியை அழகாக்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

புதிது வாங்குவதில்லை என்பதும் அன்றே முடிவானதுதான். அதே அளவில் ஒரு புதிய அலமாரி என்ன விலையோ, அதில் ஆறில் ஒரு பங்குதான் மொத்தச் செலவு. அதற்கு மேல் கிடையாது என்றார் கணவர். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். வேலை நடக்க வார இறுதி நாட்கள் மட்டும்தான்.

நான் பல வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். தெரிந்தவர்கள் வீட்டில் புத்தகம் அடுக்கக் கூப்பிட்டால் போவதுண்டு. இங்கும் அப்படித்தான் போனேன். நான் போவதற்குள் ஆறு சின்ன அலங்காரப் பொருட்களை வாங்கி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தார்கள். அந்தச் செலவு முடிந்துபோன செலவு என்று கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த மாதிரி வேலைக்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. எடுத்த புத்தகம், யாரும் சொல்லாமலே, திரும்ப அதன் இடத்துக்கு வருகிறதா? அடுக்கிய அன்று எந்த அலமாரியும் அழகாகத்தான் இருக்கும். ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும்.

## முதல் நாள் பார்த்தது

அலமாரி நான்கு அடி அகலம், ஆறு அடி உயரம், 30 சென்டிமீட்டர் ஆழம். 18 மில்லிமீட்டர் தடிமனில் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே வெள்ளை லேமினேட். ஐந்து தட்டுகள். அடித்தட்டும் நடுத்தட்டும் ஸ்க்ரூ போட்டு நிலையாகப் பொருத்தியவை. மற்ற மூன்றும் முளைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை.

முதலில் கண்ணில் பட்டது தொய்வு. ஒரு நூலை இரு முனைகளுக்கும் இழுத்துப் பிடித்து அளந்தேன். கீழிருந்து இரண்டாவது தட்டு நடுவில் 11 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மீட்டருக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை வளைந்தால் கண் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தத் தட்டில் இருந்தவை முழுக்கத் தாத்தாவின் கெட்டி அட்டைத் தொகுதிகள். எடை பார்க்கும் மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கூட்டினால் 34 கிலோ வந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளை அந்தப் பலகையின் மேல் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த மாதிரி.

அடுத்தது இரட்டை வரிசை. கிரவுன் அளவுப் புத்தகம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாராளமாக நிற்கும். நின்றது. பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தன்னிடம் இருப்பதே தெரியாமல் ஒரே புத்தகத்தைக் கணவர் இரண்டு முறை வாங்கியிருந்தார். இரண்டு பிரதிகளும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

மூன்றாவது வாடை. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஓதம். பின்வரிசையில் 14 புத்தகங்களில் பூஞ்சைப் புள்ளி. ஒரு பழைய பாடநூலின் முதுகைப் பிரித்தபோது ராமபாணப் பூச்சி ஒன்று நழுவி ஓடியது. பைண்டிங்கில் இருக்கும் மாவுப் பசையும் தாளும்தான் அதற்கு ஆகாரம். ஈரமும் இருட்டும் கிடைத்தால் அது வேறெங்கும் போகாது.

இடது ஓரத்துப் புத்தகங்களின் முதுகுகள் எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நீலமாக இருந்தன. மாலை வெயில் ஜன்னல் வழியாக நேரே அங்கே விழுகிறது. அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும், நீலம் நின்றுவிடும். ஒரு காலத்தில் ஆரஞ்சாக இருந்த அட்டையை உள்ளே திருப்பிப் பார்த்தால்தான் நம்ப முடிந்தது.

கடைசியாக ஒன்று. நான் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சிறுமி வந்தாள். அடித்தட்டின் விளிம்பில் ஒரு கால் வைத்து ஏறி, நான்காவது தட்டிலிருந்து ஒரு படக்கதையை உருவிக்கொண்டு இறங்கிப் போனாள். அலமாரி ஒரு விரற்கடை முன்னால் வந்து பின்னால் போனது. சுவரோடு எந்தப் பிடிப்பும் இல்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது.

அன்று எதையும் தொடவில்லை. அலமாரியின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டி, யார் எந்தத் தட்டிலிருந்து புத்தகம் எடுத்தாலும் அவரவர் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் 31 கோடுகள். சிறுமி 14, தாத்தா 9, மனைவி 6, கணவர் 2. சிறுமியின் புத்தகங்கள் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. தாத்தாவின் கனத்த தொகுதிகளோ அவர் குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில். கணவரின் பழைய தொழில்சார் நூல்கள், கண்ணுக்கு நேரான நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றன.

## கழித்தது, நகர்த்தியது

இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் தரையில் இறக்கினோம். மொத்தம் 368. ஒரே வரிசையாக நிற்கவைத்து டேப் பிடித்தால் 6 மீட்டர் 60 சென்டிமீட்டர். ஐந்து தட்டுகளின் உள் நீளம் சேர்த்தே 5 மீட்டர் 90தான். ஆக, எப்படி அடுக்கினாலும் ஒற்றை வரிசையில் கொள்ளாது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக் காட்டியது நல்லதாயிற்று, "எதையும் கழிக்க வேண்டாம்" என்ற பேச்சு அதோடு நின்றது.

எதைக் கழிப்பது என்பதில் நான் தலையிடவில்லை. இரட்டைப் பிரதிகள், முடிந்துபோன தேர்வுகளின் பாடநூல்கள், சிறுமி தாண்டிவந்த படப்புத்தகங்கள் என்று அவர்களே 96 எடுத்தார்கள். மிச்சம் 272, நீளம் சுமார் 4 மீட்டர் 90. தட்டுகளில் ஆறில் ஒரு பங்கு காலி. ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் இன்னும் நிம்மதி, கிடைக்கவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் கடைசி, நூலகம் வளரும் உயிர் என்பது. வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும். இன்று இடைவெளி விடாமல் இறுக்கி அடுக்கினால் அடுத்து வரும் புத்தகம் மேலே குறுக்காகப் படுத்துவிடும், அதற்கடுத்தது அதன் மேல். குடோன் அப்படித்தான் உருவாகிறது.

பூஞ்சை பட்ட 14 புத்தகங்களையும் மற்றவற்றிலிருந்து பிரித்து, விசிறிபோல் விரித்து நிற்கவைத்து மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிட்டோம். பிறகு பால்கனியில் வைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் துடைத்தோம். மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அவை கழித்த கணக்கில் சேர்ந்தவையே என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

அலமாரியை ஓதச் சுவரிலிருந்து பக்கத்து உள்சுவருக்கு மாற்றி, மேசையையும் அதற்கேற்பத் திருப்பினோம். வெயில் நேரே விழுவதும் நின்றது, ஈரமும் போனது. இதற்கு ஒரு காசும் ஆகவில்லை. இந்த வேலை முழுவதிலும் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காணொளியில் யாருக்கும் இது தெரியப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

## முதல் முயற்சி: வண்ண வரிசை

இங்கேதான் சறுக்கினோம், என் பங்கும் அதில் உண்டு.

தட்டுகளுக்கு நடுவில் முட்டு கொடுக்க மரத்துண்டுகள் வெட்டித் தரச் சொல்லியிருந்தோம். தச்சர் இரண்டு வாரம் ஆகும் என்றார். அதுவரை காத்திருக்க மனைவிக்குப் பொறுமை இல்லை. "அக்கா, முதல்ல அழகு பண்ணிடலாம், முட்டு அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். சரி என்றுவிட்டேன். நிற வாரியாக அடுக்க வேண்டும், தட்டுகளுக்கும் வெளிர் பச்சை அடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

லேமினேட்டின் மேல் பெயின்ட் பிடிக்க வேண்டுமானால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் நிறம். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட், இரண்டு கோட். தொட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் புத்தகங்களை ஏற்றினோம். காய்வது வேறு, இறுகுவது வேறு என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த வகைப் பெயின்ட் முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தெரிந்தும், "கை ஒட்டலையே" என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் தாத்தா ஒரு தொகுதியை இழுத்தபோது 'சர்ர்'ரென்று ஒரு சத்தம். புத்தகத்தின் அடி விளிம்பு பலகையோடு ஒட்டியிருந்தது. அட்டையின் கீழ் ஓரத்துத் துணி நூல் நூலாகப் பிரிந்து பெயின்ட்டில் தங்கிவிட்டது. பச்சைப் பலகையில் அரை அங்குலத்துக்கு ஒரு மெரூன் கோடு. அதேபோல் இன்னும் நான்கு புத்தகங்கள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வண்ண வரிசை அதைவிடக் கொஞ்ச நாள் அதிகம் தாங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் சிறுமி படிக்கும் ஒரு தொடரின் ஏழு பாகங்களுக்கும் ஏழு நிற அட்டை. நான்கு தட்டுகளில் போய் உட்கார்ந்துவிட்டன. "மூணாவது பாகம் என்ன கலர்?" என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு அலைந்தாள். தாத்தா சொன்னார்: "பார்க்க அழகாத்தாம்மா இருக்கு. ஆனா எனக்கு எந்தப் புத்தகமும் நிறத்தால ஞாபகம் இல்லையே." எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைக்க இடம் தேடுவதற்குப் பதில் அவரவர் அருகிலிருந்த மேசை, நாற்காலி, கட்டில் என்று விட்டுவிட்டார்கள். பதினோராம் நாள் நான் போனபோது அலமாரிக்கு வெளியே 23 புத்தகங்கள் கிடந்தன. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. நூலகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு அது அன்றுதான் உறைத்தது என்றால் சிரிப்பீர்கள்.

## மாற்றிய முடிவுகளும் காரணங்களும்

மறுபடி எல்லாம் தரைக்கு வந்தது. இந்த முறை வரிசையைத் திருப்பிக்கொண்டோம்: முதலில் பாரம், பிறகு கை, கடைசியில் கண்.

பாரம். நிலையாக இல்லாத மூன்று தட்டுகளையும் கழற்றினோம். தொய்ந்த பலகை, மேலே ஒன்றுமே இல்லாதபோதும் 8 மில்லிமீட்டர் வளைந்தே கிடந்தது. பார்ட்டிகிள் போர்டு அப்படித்தான். நாள்பட்ட பாரத்துக்குப் பணிந்துவிட்டால் தானாக நிமிராது. அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டோம், குழி மேடாயிற்று. பிறகு நடுவில் முட்டு. ஒரே பலகை, ஒரே சீரான பாரம் என்றால், இரண்டு தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வளைவு பதினாறில் ஒன்றாகிவிடும். பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால்கூட எட்டில் ஒன்றுதான் ஆகும். அதனால் கெட்டியான பலகை வாங்குவதைவிடக் குறுக்கே ஒரு துண்டு நிறுத்துவது எப்போதுமே மலிவு.

இதில் பலர் ஒரு தப்புச் செய்வார்கள். தொய்ந்த தட்டுக்கு அடியில் மட்டும் முட்டு கொடுத்தால், அதன் பாரத்தைக் கீழே உள்ள தட்டு நட்டநடுவில் வாங்கிக்கொள்ளும். ஒன்றுக்கு இரண்டு தொய்வு. முட்டுகள் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் நின்று பாரத்தைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அடித்தட்டுக்கு அடியில் இருக்கும் பொந்தை மறந்துவிடக்கூடாது. அங்கே எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு இடம் வெற்றாக இருந்தது. ஒரு ரீப்பர் கட்டையை (ஒல்லியான மரச்சட்டம்) வெட்டி, ஆப்பு வைத்து இறுக்கினோம். முட்டுத் துண்டுகளைத் தட்டின் ஓரத்து உயரத்துக்குச் சரியாக வெட்டி, பளு ஏற்றுவதற்கு முன்பே ரப்பர் சுத்தியலால் தட்டி உள்ளே செலுத்தினோம். பசை, ஸ்க்ரூ எதுவும் இல்லை. வேண்டுமானால் நாளை கழற்றலாம்.

எதிர்பாராத லாபம் இங்கேதான் கிடைத்தது. நான்கு அடி நீளத்தில் ரயில் பெட்டி மாதிரி ஓடிய ஐந்து வரிசைகள், முட்டு வந்ததும் பத்து அறைகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு அறையும் இரண்டு அடிக்கும் குறைவு. அலமாரியின் தோற்றத்தை மாற்றியது வேறெதையும்விட இதுதான். மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு அப்புறம் என்னக்கா அலங்காரம்?" என்றார்.

பின்பலகையை எடுத்துவிட்டால் இன்னும் காற்றோட்டமாக, திறந்த மாதிரி இருக்குமே என்று கணவர் கேட்டார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மெல்லிய ஹார்டுபோர்டுதான் சட்டம் பக்கவாட்டில் சாயாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது.

சுவர்ப் பிடிப்பு. வீட்டுக்காரர் இரண்டு துளைக்குச் சம்மதித்தார். மேல்பலகையில் இரண்டு எல் கிளாம்ப், சுவரில் பிளக் வைத்து ஸ்க்ரூ. அடியில் ஓடும் டைல்ஸ் பட்டையால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. அங்கே மரத்துண்டு கொடுத்து முறுக்கினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, முன்பக்கக் கால்களுக்கு ஒரு அட்டைத் தகடு. ஒன்பது வயதுப் பிள்ளை ஏறும் வீட்டில் இது அலங்காரத்துக்கு முந்தைய செலவு.

கை. தாளில் இருந்த கோடுகளைப் பார்த்தே இடம் ஒதுக்கினோம். கீழிரண்டு தட்டுகளின் வலப்புற அறைகள் சிறுமிக்கு. ஏற வேண்டிய தேவையே இல்லை. தாத்தாவின் தொகுதிகள் மேலே போகக்கூடாது, அவ்வளவு கனம்; தரையோடும் இருக்கக்கூடாது, அவர் முதுகு அப்படி. நடுத்தட்டின் இரண்டு அறைகளும் அவருக்கு. அங்கே பலகை நிலையானது, முட்டும் இருக்கிறது. இடப்புறக் கீழறையில் பெரிய படப் புத்தகங்களைப் படுக்கப்போட்டோம். நிறுத்தினால் அவற்றின் கனமே பைண்டிங்கைக் கிழித்துவிடும். மனைவியின் நாவல்கள் நான்காவது தட்டில். யாரும் தொடாத கணவரின் நூல்கள் உச்சியில்.

ஒவ்வொரு அறையிலும் புத்தகங்களை முன்விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே ஒரே கோட்டில் நிறுத்தினோம். பிள்ளைகள் வைக்கும்போது உள்ளே தள்ளிவிடுவார்கள், அதனால் பின்னால் ஒரு ரீப்பர் துண்டைக் குறுக்கே கிடத்தினேன். தள்ளினாலும் அதற்கு மேல் போகாது. பின்னால் காற்று போக இடமும் கிடைத்தது. இறுக்கம் எவ்வளவு என்றால், வேண்டிய புத்தகத்தின் இரு பக்கத்திலும் உள்ளதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து இழுக்க முடிய வேண்டும். முதுகின் மேல்முனையில் விரல் மாட்டி இழுத்தால்தான் வரும் என்ற நிலை இருந்தால் அது ஒன்றிரண்டு வருடத்தில் கிழியும்.

பெயின்ட் அடித்த பலகைகளில் பட்டர் பேப்பர் விரித்துத்தான் புத்தகம் ஏற்றினோம். ஒரு மாதம் கழித்து உருவிவிட்டோம்.

கண். கூட்டத்தில் என்ன தெரிகிறது என்று மனைவியை மேசையில் உட்காரவைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பத்து அறைகளில் தெரிந்தது மேல் வலப்புறம் நான்கு. அதிலும் ஒன்றை அவர் தலை மறைத்தது. அழகுபடுத்த வேண்டியது மூன்றே மூன்று அறை! இதை முதல் நாளே பார்த்திருந்தால் பெயின்ட் டப்பாவே திறந்திருக்க மாட்டோம்.

அந்த மூன்றுக்கு மட்டும் பின்னணியில் அடர்நீலச் சார்ட் தாளை அட்டையில் ஒட்டி, அறை அளவுக்கு வெட்டிச் செருகினோம். பின்னால் இருண்ட நிறம் இருந்தால் முதுகுகள் எடுப்பாகத் தெரியும், பலகையின் கறை தெரியாது. வண்ண வரிசையையும் ஒரேயடியாகக் கைவிடவில்லை. உச்சித் தட்டில் கணவரின் நூல்களை நிறம் பார்த்தே அடுக்கினோம். யாரும் எடுக்காத இடத்தில் எந்த வரிசையும் நிலைக்கும்.

வாங்கி வைத்திருந்த ஆறு பொருட்களில் ஒன்றுதான் மேலேறியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொம்மை பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தூசி மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதில் பரணில் கிடந்த தாத்தாவின் பழைய வானொலிப் பெட்டியைத் துடைத்து ஓர் அறையின் பாதியில் வைத்தோம். இன்னோர் அறையில் ஒரு மண்ஜாடி. உள்ளே கூழாங்கல் நிரப்பியதால் அதுவே புத்தகத் தாங்கியும் ஆனது. மூன்று மூன்றாக வை, முக்கோணமாக வை என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டு அடி அறையில் பெரிதாக ஒன்று வைத்து, பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் போதும் என்பது என் எண்ணம்.

மேல் இரண்டு தட்டுகளின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, 3000 கெல்வின் மஞ்சள் ஒளி எல்இடி பட்டை. ஜன்னல் வெயிலைப் போல இது அட்டையை வெளுக்கவைக்காது.

செலவைப் பங்காகச் சொன்னால்: முட்டு, கிளாம்ப், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 40 விழுக்காடு. விளக்கு 25. சார்ட், அட்டை, பட்டர் பேப்பர் 8. சில்லறைச் சாமான்கள் 12. மிச்சம் 15 அந்தப் பச்சைப் பெயின்ட்டுக்கு, அதாவது தண்டம்.

## பிறகு நடந்தது

ஆறு வாரம் கழித்து, சொல்லாமல் போனேன். அலமாரிக்கு வெளியே ஐந்து புத்தகங்கள். ஐந்தும் யாரோ படித்துக்கொண்டிருப்பவை. சிறுமியின் அறைகளில் வரிசை அவள் இஷ்டத்துக்கு மாறியிருந்தது, ஆனால் அறை மாறவில்லை. எனக்கு அது போதும்.

விளக்குப் பட்டை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பலகையின் அடியைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறோம், தூசியில் பசை பிடிக்கவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்து, சின்ன பிளாஸ்டிக் கிளிப் போட்டதும் நின்றுவிட்டது.

நாங்கள் வைக்காத ஒரு செடி வானொலிப் பக்கத்தில் முளைத்திருந்தது. தொட்டிக்கு அடியில் தட்டு இல்லை. பலகையின் லேமினேட் விளிம்பில் ஏற்கெனவே ஓர் உப்பல். பார்ட்டிகிள் போர்டுக்குள் தண்ணீர் இறங்கினால் ஊதிக்கொள்ளும், திரும்பச் சுருங்காது. செடி ஜன்னலுக்குப் போனது, உப்பல் அங்கேயே இருக்கிறது.

வளர்வதற்கென்று விட்ட காலி இடங்களில் பாதியைச் சார்ஜர், வண்டிச் சாவி, மருந்துச் சீட்டு பிடித்துக்கொண்டன. திட்டிப் பயனில்லை, அவற்றுக்கு வீட்டில் வேறு இடம் இல்லை. கதவருகே ஒரு கூடை மாட்டிய பிறகு குறைந்தது.

நான்காம் மாதம் மறுபடி நூல் பிடித்தேன். புரட்டிப் போட்ட தட்டு கிட்டத்தட்ட நேராக இருந்தது, 2 மில்லிமீட்டர் இறக்கம். நிலையான நடுத்தட்டில் 1. ஓத வாடை இல்லை. ராமபாணப் பூச்சியும் கண்ணில் படவில்லை. பழையபடி ஒரு வாரம் தாள் ஒட்டிப் பார்த்ததில் 44 கோடுகள் விழுந்தன. தாள் ஒட்டினாலே கோடு போட வேண்டும் என்று சிறுமி கூடுதலாக எடுத்திருக்கக்கூடும், அதனால் அந்த எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்த 11 புத்தகங்களும் நின்றபடியே இருந்தன. எதுவும் எதன் மேலும் படுத்திருக்கவில்லை.

கூட்டத்தில் பின்னணியைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். மனைவிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

## மறுபடி செய்தால்

ஸ்கிரீன்ஷாட் முதல் நாளே எடுப்பேன். எவ்வளவு பரப்பை அழகுபடுத்த வேண்டும் என்று தெரியாமல் பணம் எவ்வளவு வேண்டும் என்று சொல்ல முடியாது.

முட்டு வராமல் ஒரு புத்தகமும் மேலேறாது. 272 புத்தகங்களை இரண்டு முறை ஏற்றி இறக்கியதில் எல்லோருக்கும் தோள் போயிற்று, அதில் தாத்தாவும் உண்டு.

பலகைக்குப் பெயின்ட் அடிக்கவே மாட்டேன். அடித்தே தீர வேண்டும் என்று வீட்டார் சொன்னால், புத்தகங்களை நான்கு வாரம் பெட்டியில் வைக்கச் சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன்.

சாவிக்கும் சார்ஜருக்கும் முதலிலேயே ஒரு கூடை.

தாத்தாவின் அந்த ஐந்து தொகுதிகளின் அடி ஓரத்தைப் பழைய பைண்டிங் துணி வாங்கி நான் வீட்டுக்கு எடுத்துவந்து ஒட்டிக்கொடுத்தேன். நான்கில் துணியின் நிறம் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று. ஐந்தாவதில் கொஞ்சம் சிவப்புத் தூக்கல். நடுத்தட்டில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறது, அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு முதலில் அதுதான் தெரிகிறது.